பச்சடி நீர்க்கும், டிப் இறுகும்: வெங்காய டிப்பை முதலிலிருந்து செய்வது எப்படி?

அமெரிக்காவில் வசிக்கும் ஒரு சகோதரி கேட்ட கேள்விக்கான பதில் இது. கடையில் கிடைக்கும் வெங்காய சூப் பொடிப் பொட்டலத்தைச் சவர் கிரீமில், அதாவது உறை ஊற்றிப் புளிக்கவைத்த கிரீமில், கலந்து செய்கிற டிப் என்றால் அவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு உயிர். சிப்ஸைத் தோய்த்துச் சாப்பிடும் கெட்டியான கலவைதான் டிப். பொடியில் உப்பு தூக்கலாக இருப்பதால், தாமே செய்து பார்க்கலாம் என்று இரண்டு வெங்காயத்தை மிக்ஸியில் அரைத்துக் கிரீமில் கலந்திருக்கிறார். கசந்துவிட்டது. மறுநாள் காலையில் மேலே தண்ணீர் தேங்கி, மோர் போலக் கிடந்ததாம். அடுத்த முறை வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கிச் சேர்த்தார். கசப்பு போயிற்று, ஆனால் அந்த ருசியும் வரவில்லை, கெட்டியும் வரவில்லை. எங்கே தவறுகிறது என்று கேட்கிறார்.

சகோதரி, வெங்காயத்தையும் தயிரையும் ஒன்றாகப் பார்த்தால் நம் கைக்குப் பச்சடிதான் நினைவுக்கு வரும். நீங்கள் முதல் முறை செய்ததும் ஏறக்குறைய அதுதான். பச்சடிக்கு வெங்காயத்தைப் பொடியாக அரிந்து, சாப்பிட உட்காரும் நேரத்தில்தான் தயிரில் சேர்ப்போம். முன்கூட்டியே கலந்தால் உப்பு வெங்காயத்தின் நீரை வெளியே இழுத்துவிடும். அரை மணி நேரத்தில் தயிர் நீர்த்துப்போய் ஒரு நெடியும் வந்துவிடும். டிப்புக்கு இந்தக் கணக்கு அப்படியே தலைகீழ். அதை முதல் நாளே கலந்து, ஓர் இரவு குளிர்பெட்டியில் வைத்தால்தான் ருசி கூடும், பதமும் இறுகும்.

இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு நீரில் இருக்கிறது. நூறு கிராம் பச்சை வெங்காயத்தில் சுமார் 89 கிராம் நீர்தான். அந்த நீரோடு கிரீமில் விழுகிற வெங்காயம் அதை அங்கேதான் விடும். பொட்டலத்தில் இருப்பதோ உலர்ந்த வெங்காயத் துணுக்குகள். அவை கிரீமில் விழுந்ததும் அதில் உள்ள நீரை உறிஞ்சி ஊறுகின்றன. அதனால் கிரீம் கெட்டியாகிறது. பொட்டல டிப் எளிதில் நீர்த்துப் போகாததற்குக் காரணம் இதுதான். வீட்டில் செய்யும்போது உலர்த்தும் அந்த வேலையை நாம் வாணலியில் செய்ய வேண்டும். பொன்னிறத்தில் நிறுத்திய உங்கள் இரண்டாவது முயற்சி பாதி வழியில் நின்றுவிட்டது, அவ்வளவுதான்.

இந்தப் பண்டம் பிறந்த கதையும் பொட்டலத்தில்தான் தொடங்குகிறது. லிப்டன் நிறுவனத்தின் உலர் வெங்காய சூப் பொடி 1952-இல் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. 1954-இல் லாஸ் ஏஞ்சலிஸில் யாரோ ஒருவர் அதைச் சூப்பாகக் காய்ச்சாமல் சவர் கிரீமில் கொட்டிக் கலந்தார். அவர் பெயர் எங்கும் பதிவாகவில்லை. செய்முறை உள்ளூர்ச் செய்தித்தாளில் வந்து, வீட்டுக்கு வீடு பரவியது. அடுத்த ஆண்டே லிப்டன் அதைத் தொலைக்காட்சியில் விளம்பரப்படுத்தியது. ‘கலிபோர்னியா டிப்’ என்று பெயரும் நிலைத்தது. 1958 முதல் பொட்டலத்திலேயே செய்முறையை அச்சிடத் தொடங்கினார்கள். ‘பிரெஞ்சு வெங்காய டிப்’ என்று இன்று சொல்வதற்குக் காரணம் பிரெஞ்சு வெங்காய சூப்பின் ருசி அதில் இருப்பதுதான். மற்றபடி இது முழுக்க அமெரிக்கப் பண்டம். பெயர் தெரியாத அந்த மனிதரை நான் நன்றியோடு நினைப்பதுண்டு. ஆனால் அவர் பொடியில் கண்ட ருசியின் மூலம், நெடுநேரம் சுருள வதக்கிய வெங்காயம். அந்த மூலத்திலிருந்தே தொடங்கினால் கிடைக்கும் டிப்பின் அருகில் பொட்டல டிப் நிற்காது என்பது என் உறுதியான எண்ணம்.

அளவைச் சொல்லிவிடுகிறேன். ஆறு முதல் எட்டுப் பேருக்கு முக்கால் கிலோ வெங்காயம், அதாவது பெரிய வெங்காயம் மூன்று. வெண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி, வாசனையில்லாத எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி. சவர் கிரீம் ஒன்றரைக் கப், மயோனைஸ் மூன்று மேசைக்கரண்டி. சோயா சாஸ் அரைத் தேக்கரண்டி, எலுமிச்சைச் சாறு ஒரு தேக்கரண்டி, பூண்டுப் பொடி கால் தேக்கரண்டி, புதிதாகப் பொடித்த மிளகு கால் தேக்கரண்டி. உப்பு, வதக்கும்போது அரைத் தேக்கரண்டி. மீதியைக் கடைசியில் ருசி பார்த்துச் சேர்க்க வேண்டும்.

வெங்காயத்தில் மஞ்சள் தோல் கொண்ட சாதாரண வெங்காயத்தையே வாங்குங்கள். அங்கே மூட்டையில் மலிவாக விற்கும் அதே வெங்காயம்தான். இனிப்பான டிப் வேண்டுமென்று ஜார்ஜியா மாநிலத்தின் விடாலியா வெங்காயத்தைத் தேடிப் போகிறவர்கள் உண்டு. விடாலியா இனிப்பாகத் தெரிவதற்குக் காரணம் அதில் சர்க்கரை மிகுந்திருப்பது அல்ல. கந்தகம் குறைந்த மண்ணில் விளைவதால் அதற்குக் காரம் குறைவு. மூக்கைக் குத்தாததால் நாக்குக்கு இனிப்பு முந்திக்கொண்டு தெரிகிறது. அதில் நீரும் அதிகம். வதக்கி முடிக்கும்போது கையில் மிஞ்சுவது கொஞ்சம், அதிலும் ஆழம் இருக்காது. காரமான வெங்காயம்தான் வதங்கிய பிறகு நல்ல ருசி தரும். சிவப்பு வெங்காயத்திலும் ருசிக்குக் குறையில்லை, ஆனால் அதன் நிறம் கிரீமில் கலந்து சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிடும். இந்தியாவில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் சிவப்பு வெங்காயம்தான் கிடைக்கும். நிறத்தைப் பொருட்படுத்தாவிட்டால் தாராளமாகச் செய்யலாம். சின்ன வெங்காயத்தில் செய்தால் அருமையாக வரும். முக்கால் கிலோவை உரிக்க யாராவது துணைக்கு வேண்டும்.

மிக்ஸியில் அரைத்தது ஏன் கசந்தது என்று கேட்டீர்கள். வெங்காயத்தின் உயிரணுக்களுக்குள் (செல்களுக்குள்) கந்தகச் சேர்மங்களும் அவற்றை உடைக்கும் நொதியும் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. கத்தி பட்டு அறை உடைந்ததும் இரண்டும் கலந்து காரமும் நெடியும் பிறக்கின்றன. கண்ணீரை வரவழைக்கும் ஆவியும் அப்படி உண்டாவதுதான். அதற்கென்று தனியாக ஒரு நொதி இருப்பதை 2002-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். கத்தியால் அரியும்போது வெட்டுப்பட்ட ஓரங்களில் மட்டுமே இது நடக்கும். மிக்ஸி எல்லா உயிரணுக்களையும் ஒரே நேரத்தில் சிதைத்துவிடுகிறது. அந்தக் கூழ் நிமிடத்துக்கு நிமிடம் கடுமையாகிக்கொண்டே போகும். ஆகவே வெங்காயத்துக்கு மிக்ஸி வேண்டாம். அரிவதற்கு முன் அரை மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்தால் கண் எரிச்சல் குறையும். கத்தி கூராக இருந்தால் இன்னும் குறையும்.

அரியும் திசையையும் கவனியுங்கள். வேரிலிருந்து நுனிக்கு நீளவாக்கில், பிரியாணிக்கு அரிவதைப் போல மெல்லியதாக அரியுங்கள். ஆரம்பத்திலேயே பொடியாக நறுக்கினால் சில துண்டுகள் தீய்ந்துபோகும், சில வெளுத்தே நிற்கும். நீளமாக வதக்கி, ஆறிய பிறகு பலகையில் வைத்துக் கத்தியால் இரண்டு பக்கமும் கொத்திக்கொள்ளலாம். கொத்தாமல் விட்டுவிடாதீர்கள். சிப்ஸில் அள்ளும்போது ஒரு நீள இழை வாயிலிருந்து தொங்கினால் சாப்பிடுகிறவருக்குச் சங்கடம்.

இனி வாணலி. வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. வாயகன்ற, அடிகனமான பாத்திரம் வேண்டும். முக்கால் கிலோவுக்கு முப்பது சென்டிமீட்டர் அகலம் சரியாக இருக்கும். பூச்சு போட்ட ஒட்டாத வாணலியைத் தவிருங்கள். அடியில் ஒட்டவேண்டியது ஒட்டவேண்டும்; அது ஏன் என்று பின்னால் சொல்கிறேன். வெண்ணெயும் எண்ணெயும் சேர்ந்து உருகியதும் வெங்காயத்தைப் போட்டு, அரைத் தேக்கரண்டி உப்பைத் தூவி, புரட்டி, மூடிவிடுங்கள். மிதமான தீயில் பத்து நிமிடம். திறந்து பார்த்தால் குவியல் பாதியாக அடங்கி, வெங்காயம் கண்ணாடி போலத் தெளிந்து, அடியில் நீர் தேங்கியிருக்கும். இனி மூடியே கூடாது.

அடுத்த இருபது நிமிடம் எதுவும் நடக்காதது போலவே இருக்கும். பெரும்பாலானோர் பொறுமை இழப்பது இங்கேதான். வாணலியில் நீர் இருக்கும்வரை வெங்காயத்தின் சூடு நூறு டிகிரியைத் தாண்டாது. பழுப்பேறுவதற்கு அது போதாது. சர்க்கரையும் புரதத்தின் துணுக்குகளும் சேர்ந்து நிறமும் மணமும் தருகிற வினைக்கு, 1912-இல் அதை விளக்கிய பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீல் மயாரின் பெயரே நிலைத்திருக்கிறது. அது வேகம் பிடிக்க நூற்றிருபது, நூற்று நாற்பது டிகிரியாவது வேண்டும். நீர் முழுவதும் போன பிறகே வாணலி அந்தச் சூட்டை எட்டும். தீயைக் கூட்டி இதை விரட்ட முடியாது. கூட்டினால் ஓரங்கள் தீயும், நடுப்பகுதி வெளுத்தே இருக்கும்.

எப்போது நீர் போயிற்று என்பதைக் காதால் தெரிந்துகொள்ளலாம். நீர் இருக்கும்வரை வாணலியில் கொதிக்கிற சத்தம் கேட்கும், தளதளவென்று. ஒரு கட்டத்தில் அது மெலிந்து, தாளிப்பு அடங்கும்போது கேட்குமே, அதுபோன்ற மெல்லிய பொரியும் சத்தமாக மாறும். அந்த நொடியில் தீயைக் குறைத்துவிடுங்கள். வெங்காயம் அப்போது வைக்கோல் நிறத்தில் இருக்கும். சமையல் குறிப்புகளில் ‘பொன்னிறமாக வதக்கவும்’ என்று எழுதுகிற இடம் இதுதான். சாம்பாருக்கும் குருமாவுக்கும் இங்கே நிறுத்துவது சரி. டிப்புக்கு உண்மையான வதக்கல் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

இதற்குப் பிறகு மூன்று நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை கிளறினால் போதும். விடாமல் கிளறிக்கொண்டே இருந்தால் வெங்காயம் அடியைத் தொடாது, நிறமும் ஏறாது. கொஞ்ச நேரத்தில் வாணலியின் அடியில் பழுப்பாக ஒரு படலம் ஒட்டத் தொடங்கும். அடிப்பிடித்துவிட்டதே என்று பதறவேண்டாம். ருசியின் பெரும்பங்கு அந்தப் படலத்தில்தான் இருக்கிறது. இரண்டு மேசைக்கரண்டி தண்ணீரைத் தெளித்து மரக்கரண்டியால் சுரண்டுங்கள். சீறிக்கொண்டு ஆவி எழும், படலம் கரைந்து தேநீர் நிறத்தில் ஓடும், வெங்காயம் அதை ஒரே மூச்சில் குடித்துவிட்டு ஒரு படி கறுக்கும். தண்ணீர் போனதும் மறுபடி படலம் ஒட்டும். மறுபடி தெளித்துச் சுரண்டுங்கள். இப்படி மூன்று அல்லது நான்கு முறை செய்ய வேண்டியிருக்கும். ஒட்டாத வாணலியை வேண்டாம் என்றது இதற்காகத்தான். படலம் பழுப்பில் இருக்கும்போதே சுரண்டிவிட வேண்டும். கறுத்துக் காந்தல் வாசனை வந்துவிட்டால், அந்தக் கசப்பு முழு வெங்காயத்திலும் ஏறிவிடும், பிறகு எதைச் சேர்த்தாலும் போகாது.

மூன்றாவது சுரண்டலுக்குப் பிறகு அடுக்களையின் வாசனையே மாறிவிடும். முதலில் வெங்காயம் என்று அடையாளம் சொல்லக்கூடிய வாசனை. பிறகு நெய் காய்ச்சுகிற வாசனை. கடைசியில் வெல்லப்பாகு பக்கத்தில் எங்கோ கொதிப்பது போல ஒன்று. மரக்கரண்டியால் நகர்த்தினால் வெங்காயம் உதிரியாக வராது, ஒரே திரளாக, அல்வாவைப் போல வாணலியை விட்டு விலகி வரும். ஓர் இழையை எடுத்து விரலால் நசுக்கினால் எதிர்ப்பே இல்லாமல் மசியவேண்டும். நிறம் கருப்பட்டியை நெருங்கியிருக்கவேண்டும். அடுப்பில் ஏற்றியதிலிருந்து ஒரு மணி நேரம், சில நாள் எழுபது நிமிடம்கூட ஆகும். ‘பதினைந்து நிமிடத்தில் வெங்காயம் பழுப்பேறிவிடும்’ என்று எழுதுகிற செய்முறைகளை நம்பாதீர்கள். முக்கால் கிலோ வைத்த இடத்தில் இருநூறு கிராம் அளவுக்குத்தான் மிஞ்சும், ஒரு கப்புக்கும் குறைவு. வீணாகிவிட்டதே என்று தோன்றும். நூறு கிராம் வெங்காயத்தில் நான்கு கிராமுக்குச் சற்று மேல் சர்க்கரை இருக்கிறது. முக்கால் கிலோவில் இருந்த ஏறக்குறைய முப்பது கிராம் சர்க்கரை இப்போது அந்த ஒரு கைப்பிடிக்குள் அடங்கியிருக்கிறது, ஒரு பங்கு வேறு சுவைகளாக மாறிய நிலையில். ஆகவே தனியாகச் சர்க்கரை போடுவது தேவையற்ற வேலை.

சமையல் சோடா ஒரு சிட்டிகை போட்டால் சீக்கிரம் பழுப்பேறும் என்பது உண்மை. அமிலத்துக்கு எதிரான காரத்தன்மை கூடினால் மயார் வினை வேகம் எடுக்கும். ஆனால் சோடா வெங்காயத்தின் நாரைக் கரைத்து களியாக்கிவிடும். அளவு கொஞ்சம் மிஞ்சினாலும் சவர்க்காரம் போன்ற ஒரு வாடை நிற்கும். நான் போடுவதில்லை. பிரியாணிக்குப் பொரித்து வைத்த வெங்காயம் இருக்கிறதே, அதைச் சேர்க்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. பரிமாறும்போது மேலே தூவ அது நன்றாக இருக்கும், மொறுமொறுப்பும் கிடைக்கும். அதையே முழுக்க நம்பினால் எண்ணெய்ப் பிசுக்கும் லேசான கசப்பும் தெரியும்.

வதக்கியது போதும் என்று தோன்றியதும் சோயா சாஸை வாணலியிலேயே ஊற்றிப் புரட்டி அடுப்பை அணைத்துவிடுங்கள். பொட்டலத்தில் இருக்கிற, நாக்கைச் சுண்டுகிற அந்தச் சுவை இதிலிருந்து வரும். பல ஆங்கிலச் செய்முறைகள் இந்த இடத்தில் வூஸ்டர்ஷயர் சாஸைச் சொல்லும். பாரம்பரியமாக அதில் நெத்திலி மீன் சேர்கிறது. சைவம் சாப்பிடுகிறவர்கள் வீட்டுக்கு வரும்போது இதை மறந்துவிடக்கூடாது. சோயா சாஸ் போதும். உலர்ந்த காளானைப் பொடித்து அரைத் தேக்கரண்டி சேர்த்தாலும் அழகாகப் பொருந்தும்.

பிறகு வெங்காயத்தை ஒரு அகலத் தட்டில் பரப்பி முழுவதும் ஆறவிடுங்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். ஒரு முறை விருந்தினர் வாசலில் காலணியைக் கழற்றிக்கொண்டிருந்த அவசரத்தில், வெதுவெதுப்பாக இருந்த வெங்காயத்தைக் கிரீமில் கொட்டிவிட்டேன். வெண்ணெய் உருகி மஞ்சள் வளையங்களாகப் பிரிந்தது, கிரீம் என் கண்முன்னே தளர்ந்து கஞ்சியாயிற்று. குளிர்பெட்டியில் வைத்த பிறகும் அது பழைய பதத்துக்கு வரவில்லை. ஒரு மணி நேரம் வதக்கிய உழைப்பை அரை நிமிடத்தில் இழந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. தட்டில் பரப்பினால் அரை மணி நேரத்தில் ஆறிவிடும்.

கிரீமுக்கு வருவோம். அமெரிக்க விதிப்படி சவர் கிரீமில் குறைந்தது 18 சதவீதம் பால்கொழுப்பு இருக்கவேண்டும். முழுக் கொழுப்புள்ளதையே வாங்குங்கள். கொழுப்பு குறைத்தவற்றில் கெட்டிக்காகப் பலவிதப் பொருள்களைச் சேர்க்கிறார்கள், சிலவற்றில் விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின்கூட உண்டு. சைவர்கள் டப்பாவின் பின்புறத்தைப் படித்துப் பார்க்கவேண்டும். நல்ல சவர் கிரீமில் கிரீமும் உறையும் தவிர வேறெதுவும் இருக்காது.

‘முதலிலிருந்து’ என்று நீங்கள் கேட்டதால் கிரீமையும் வீட்டிலேயே உறைய வைக்கும் முறையைச் சொல்கிறேன். நமக்குப் புதிய வேலை இல்லை, பாலுக்குப் பதிலாகக் கிரீமுக்கு உறை ஊற்றுகிறோம். ஒரு கப் கெட்டிக் கிரீமில் கால் கப் பால் சேர்த்து, அங்கே கடையில் ‘பட்டர்மில்க்’ என்று கிடைக்கும் உறைமோரில் இரண்டு மேசைக்கரண்டி கலந்து, மூடி, அறைச்சூட்டில் பன்னிரண்டு முதல் இருபத்துநான்கு மணி நேரம் விட்டுவிடுங்கள். கெட்டியானதும் குளிர்பெட்டியில் ஒரு நாள் வைத்தால் இன்னும் இறுகும். வீட்டுத் தயிரை உறையாக ஊற்றினாலும் உறையும். அதன் புளிப்பு தயிரின் புளிப்பாக இருக்கும், சவர் கிரீமின் மென்மையான வெண்ணெய் மணம் கிடைக்காது. தமிழ்நாட்டில் இருப்பவர்கள், அட்டைப்பெட்டியில் வரும் 25 சதவீதக் கொழுப்புள்ள கிரீமைக் கை பொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவந்து ஒரு தேக்கரண்டி கெட்டித் தயிர் கலந்து வைத்தால், நம் வெயிலுக்கு எட்டு மணி நேரத்தில் உறைந்துவிடும். அதற்கும் நேரமில்லையென்றால், முழுக் கொழுப்புப் பாலில் உறைந்த தயிரை மெல்லிய துணியில் கட்டி, குளிர்பெட்டிக்குள் ஓர் இரவு வடியவிடலாம். ஒரு லிட்டர் தயிர் பாதிக்கும் கீழே இறங்கவேண்டும், அப்போதுதான் டிப்புக்கு ஏற்ற கெட்டி. வடிந்த தெளிநீரைக் கொட்டாமல் சப்பாத்தி மாவு பிசைய வைத்துக்கொள்ளுங்கள். கிரேக்கத் தயிர் மட்டும் போட்டுச் செய்தால் வாயில் சுண்ணாம்பு போல ஒரு வறட்சி தெரியும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அது வேண்டாம்.

மயோனைஸ் எதற்கு என்றால், அதில் எண்ணெய் ஏற்கெனவே மிக நுண்ணிய துளிகளாகக் கட்டுண்டு இருக்கிறது. மூன்று கரண்டி சேர்ந்ததும் கிரீம் வழுவழுப்பாகிறது, சீக்கிரம் நீர் விடுவதுமில்லை. முட்டை வேண்டாதவர்கள் அதற்குப் பதிலாக அறைச்சூட்டில் இளகிய கிரீம் சீஸ் அறுபது கிராம் எடுத்து, முதலில் தனியாகக் குழைத்துக்கொண்டு சேர்க்கலாம். டிப் இன்னும் கெட்டியாகும். என் நாக்குக்குக் கிரீம் சீஸ் கொஞ்சம் வெங்காயத்தை மந்தமாக்குவதாகப் படும், அதனால் முட்டை சாப்பிடும் வீட்டில் நான் மயோனைஸ் பக்கம் நிற்கிறேன்.

கலக்கும்போது கரண்டியால் மடித்து மடித்துக் கலக்குங்கள். சவர் கிரீம் ஒரு உறைந்த பொருள், தயிரைப் போலவே. தயிரைக் கடைந்தால் மோராகிறது என்பது நமக்குத் தெரிந்ததுதானே. மின்சார மத்தோ மிக்ஸியோ பட்டால் அதன் உறைவு உடைந்து தளர்ந்துவிடும். உங்கள் முதல் டிப் நீர்த்தது வெங்காயத்தின் நீரால்; கிரீமையும் மிக்ஸியில் சேர்த்து அடித்திருந்தால் இன்னும் நீர்த்திருக்கும். கிரீமும் மயோனைஸும் பூண்டுப் பொடியும் மிளகும் எலுமிச்சைச் சாறும் முதலில் சேரட்டும். பிறகு, கொத்திய வெங்காயத்தில் ஒரு பிடியை எடுத்துவைத்துவிட்டு மீதியைச் சேர்த்து மடியுங்கள். பிள்ளைகளுக்குப் பொட்டலத்தின் ருசி பழகியிருப்பதால் அரைத் தேக்கரண்டி வெங்காயப் பொடியும் போடலாம். வதக்கிய வெங்காயத்தில் இல்லாத, உலர்ந்த வெங்காயத்துக்கே உரிய ஒரு கூர்மை அதில் உண்டு. அதைச் சேர்ப்பதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை.

உப்பை இப்போது பார்க்கலாம், ஆனால் கரண்டியால் நக்கிப் பார்க்காதீர்கள். எந்தச் சிப்ஸோடு பரிமாறப் போகிறீர்களோ, அதில் ஒன்றைத் தோய்த்துத்தான் பார்க்கவேண்டும். கரண்டியில் சரியாகத் தெரிகிற உப்பு, சிப்ஸின் உப்போடு சேர்ந்ததும் கரிக்கும். பொட்டலப் பொடியிடமிருந்து நீங்கள் தப்பிக்க நினைத்ததே உப்புக்காகத்தான் என்பதால் இந்த இடத்தில் கை இறுக்கமாகவே இருக்கட்டும். குளிர்ந்த பண்டத்தில் உப்பு சற்று மந்தமாகத் தெரியும். ஆகவே கலந்ததும் கொஞ்சம் குறைவாக விட்டு, குளிர்ந்த பிறகு மறுபடி ஒரு சிப்ஸில் தோய்த்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

மூடி, குளிர்பெட்டியில் குறைந்தது நான்கு மணி நேரம். முடிந்தால் ஓர் இரவு. கலந்த உடனே சாப்பிட்டால் கிரீம் தனி, வெங்காயம் தனி என்று தெரியும். காலையில் திறந்து பார்த்தால் வெள்ளை நிறம் லேசாகப் பழுத்து, சந்தனம் குழைத்த மாதிரி ஆகியிருக்கும். வெங்காயத்தின் இனிப்பும் பழுப்பு மணமும் கிரீமின் கொழுப்பில் இறங்கிவிட்டன என்பதற்கு அந்த நிறமே அடையாளம். கரண்டியை நட்டால் நிற்கும். விளிம்பில் ஒரு சொட்டு நீர் பிரிந்திருந்தால் கவலை வேண்டாம், மெதுவாக ஒரு முறை மடித்துவிடுங்கள்.

பரிமாறுவதற்கு அகலக் கிண்ணம். எடுத்துவைத்த வெங்காயத்தை மேலே குவித்து, வெங்காயத்தாளையோ, அதைவிட மெல்லிய ‘சைவ்’ (chive) எனும் கீரையையோ பொடியாக அரிந்து தூவலாம். மெல்லிய சிப்ஸ் இந்த டிப்பின் கனத்தைத் தாங்காமல் பாதியில் உடைந்து கிண்ணத்துக்குள்ளேயே விழும். வரிவரியாக அலை போலிருக்கும் தடித்த உருளைக்கிழங்கு சிப்ஸ்தான் இதற்கென்றே பிறந்தது. அதன் பள்ளங்களில் டிப் தங்கும், முகடுகள் மொறுமொறுக்கும். கேரட், வெள்ளரி, செலரித் தண்டு எல்லாம் நன்றாக இருக்கும். நேந்திரங்காய் சிப்ஸ் எனக்கு மிகவும் பிடிக்கும், ஆனால் இதனோடு வைக்காதீர்கள். தேங்காயெண்ணெய் மணமும் சவர் கிரீமும் ஒன்றையொன்று கெடுக்கும். மிஞ்சிய டிப்பைச் சுட்ட உருளைக்கிழங்கைப் பிளந்து உள்ளே வைத்துப் பாருங்கள். அதற்காகவே கொஞ்சம் மிச்சம் பிடிக்கத் தோன்றும்.

பிப்ரவரியில் ‘சூப்பர் பவுல்’ எனும் அமெரிக்கக் கால்பந்து இறுதிப் போட்டி நாளில் அமெரிக்க வீடுகளில் இந்தக் கிண்ணம் மணிக்கணக்கில் மேசையில் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பாலில் செய்த பண்டம் வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது. முப்பத்திரண்டு டிகிரிக்கு மேல் வெயில் என்றால் ஒரு மணி நேரம்தான். சிறு கிண்ணத்தில் கொஞ்சமாக வைத்து, தீரத்தீர உள்ளேயிருந்து நிரப்புங்கள். குளிர்பெட்டியில் மூன்று நான்கு நாள் தாங்கும். உறைபெட்டியில் மட்டும் வைக்கவேண்டாம், உருகும்போது கிரீம் திரிந்து நீர் தனியாகப் பிரிந்துவிடும்.

வதக்கிய வெங்காயத்தை மட்டும் உறைபெட்டியில் வைத்தால் மூன்று மாதம் கெடாது. அதனால் வதக்குகிற நாளில் இரண்டு வாணலிகளை ஒரே நேரத்தில் ஏற்றி ஒன்றரைக் கிலோவாகச் செய்துவிடுங்கள். ஒரே வாணலியில் ஒன்றரைக் கிலோவையும் திணித்தால் வெங்காயம் வதங்காது, அவியும். ஆறியதைப் பனிக்கட்டித் தட்டின் குழிகளில் அழுத்தி உறைய வைத்து, உறைந்ததும் பைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அடுத்த முறை பிள்ளைகள் டிப் கேட்கும்போது முதல் நாள் இரவே சில கட்டிகளைக் கீழ்த்தட்டுக்கு இறக்கினால் போதும். மறுநாள், இளகியதில் நீர் கசிந்திருந்தால் வாணலியில் இரண்டு நிமிடம் சுண்டவைத்து, ஆறவிட்டு, கிரீமில் மடியுங்கள்.